கூரை பிரிக்கப்பட்ட மாளிகை

ரோமாபுரிக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விதெர்போ நகரத்தில், பிரதான தேவாலயத்தை ஒட்டி மேற்றிராணியார் வசித்துவந்த பழைய மனை, ரோமாபுரியின் கலகங்களைத் தாங்காமல் 1257-இல் பாப்பரசர் நான்காம் அலெக்சாந்தர் அங்கே வந்து தங்கியபின், வந்தவரின் அந்தஸ்துக்கு ஏற்ப விஸ்தரிக்கப்பட்டு, 1266-வாக்கில் மாளிகையாக உருப்பெற்றது. இன்று அதற்குப் 'பாப்பரசர் மாளிகை' என்றே பெயர். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் பெயர் மறைந்துபோவது எங்கும் உள்ளதுதான்.

எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான 'பெப்பரீனோ' என்னும் கருஞ்சாம்பல் நிறக் கல்லினால் எழும்பிய அதன் முகப்பு, கோட்டை மதிலைப் போலக் கடுமையாக நிற்கிறது. பக்கத்தில் 1267-இல் சேர்ந்த திறந்த மண்டபமோ நேர்மாறான சுபாவமுடையது. பிரம்மாண்டமான ஒரு வளைவின் முதுகில் அமர்ந்திருக்கும் அதிலே, மெல்லிய இரட்டைத் தூண்களிலிருந்து கிளம்பும் அரைவட்ட வளைவுகள், அடுத்த தூணில் இறங்காமல் அதைத் தாண்டி அதற்கடுத்த தூணில் போய் இறங்குகின்றன. இவ்வாறு ஒன்றையொன்று ஊடறுக்கும் இடந்தோறும், இரண்டு வட்டங்களின் நடுவே கூர்முனை வளைவொன்று தானாகவே பிறந்துவிடுகிறது. கல்லில் பின்னிய கூடை என்றே சொல்லலாம்.

1268 நவம்பரில் பாப்பரசர் நான்காம் கிளெமெந்து இந்நகரில் காலமானபின், அடுத்த பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் மாதக்கணக்கில் கூடியும் ஒருமனப்படாததால், பொறுமையிழந்த ஊரார் அவர்களை மாளிகையில் அடைத்து, ஆகாரத்தைக் குறைத்து, முடிவில் கூரையையே பிரித்துவிட்டனர். 1270-இல் அவர்கள் எழுதிய கடிதமொன்றில் அந்த இடம் 'கூரையற்ற மாளிகை' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியும் 1271 செப்டம்பர் முதல் தேதிவரை இழுத்து, அங்கு இல்லாதவரும் கர்தினால் அல்லாதவருமான ஒருவரை, புண்ணிய பூமியிலிருந்த தெயோபால்தோ விஸ்கொந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்தாம் கிரகோரியாரான அவர், ஊரார் செய்த பலாத்காரத்தையே 1274-இல் லியோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் சட்டமாக்கினார்: பூட்டிய அறை; மூன்று நாளில் முடிவு வராவிடில் வேளைக்கு ஒரே பதார்த்தம்; மேலும் ஐந்து நாள் சென்றால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சரசமுமே. இத்தேர்தல் கூட்டத்துக்கு வழங்கும் 'கொன்கிளாவே' என்னும் சொல்லும் சாவியால் பூட்டத்தக்க அறை என்னும் பொருளுடையதே.

அதே மாளிகையில், வைத்திய சாஸ்திரம் கற்ற போர்த்துக்கீசியரான பாப்பரசர் இருபத்தோராம் அருளப்பர் தமக்கெனக் கட்டுவித்த அறையின் விதானம் இடிந்து விழுந்ததால் 1277 மே மாதத்தில் மாண்டார். திறந்த மண்டபமும் பின்னாளில் தன் கூரையை இழந்தது. பின்னிய வளைவுகளுக்கு மேலே இப்போது ஆகாயந்தான்.