கர்ப்பிணித் தாய் ஏன் முற்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்?

மாணவர்களே, "கர்ப்பிணித் தாய் முற்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. காரணத்தையும் எழுதப் பழகுங்கள்.

கருக்கட்டல் நிகழ்ந்து ஏறத்தாழ 28 நாட்களில் முளையத்தின் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. மூளையும் முண்ணாணும் இதிலிருந்தே விருத்தியடைகின்றன. குழாய் சரிவர மூடாவிடின் குழந்தை முள்ளந்தண்டு பிளவுபட்ட நிலையில் பிறக்கலாம். பல தாய்மார் கர்ப்பமுற்றதை அறியும்போது இந்நாட்கள் கடந்துவிடுகின்றன. எனவே போலிக்கமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே உட்கொள்ளல் வேண்டும். ருபெல்லாத் தடுப்பூசியையும் முன்னரே பெற்றிருத்தல் அவசியம். கர்ப்ப காலத்தில் அது வழங்கப்படுவதில்லை.

மாதவிடாய் தவறியதும் குடும்பநல உத்தியோகத்தரை நாடி, 8 வாரங்களுக்குள் பதிவு செய்தல் சிறந்தது. அதன்பின் கிளினிக்கில் செய்யப்படும் பரிசோதனைகள் சில:

1. குருதியமுக்கம், சிறுநீரில் புரதம் – முன்சூல்வலிப்பைக் கண்டறிய.
2. ஈமோகுளோபின் – குருதிச்சோகையை அறிய.
3. குருதி வகை, றீசஸ் காரணி – தாய்க்கும் சேய்க்கும் இடையிலான குருதிப் பொருத்தமின்மையைக் கவனிக்க.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்ளலாகாது. தேநீரிலுள்ள தனின் இரும்பின் அகத்துறிஞ்சலைக் குறைக்கும். தேசிக்காய், தோடம்பழம் ஆகியவற்றிலுள்ள விற்றமின் சீ அதனைக் கூட்டும்.

கவனிக்க: கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், குருதிப்பெருக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இவற்றைத் தாய் மட்டுமன்றிக் கணவரும் வீட்டாரும் அறிந்திருத்தல் உயிர்காக்கும்.

பயிற்சி வினா: போலிக்கமிலத்தைக் கருத்தரிக்குமுன்பே உட்கொள்ள வேண்டியது ஏன்?