கையெழுத்துக்கு முன் கணக்கு

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. பிறர் பொருளைக் காப்பவருக்கு இது இன்னும் பொருந்தும். இதை நான் பாடநூலில் கற்கவில்லை, வீட்டில் கற்றேன்.

திண்டிவனத்தை அடுத்த ஊரில் உள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தை, தாத்தா அக்காவுக்கும் எனக்கும் உயில் எழுதி, எனக்கு இருபது வயது நிரம்பும்வரை பெரியப்பாவின் பொறுப்பில் வைத்தார். குத்தகைப் பணத்தில் எங்களைப் படிக்க வைத்து, மீதியோடு நிலத்தை ஒப்படைக்க வேண்டும். இவ்வாண்டு வயது நிரம்பியது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பெரியப்பா, தட்டச்சு செய்த தாளொன்றை நீட்டினார். "கணக்குகளைப் பார்த்துத் திருப்தியடைந்தோம், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்றிருந்தது. கையெழுத்திட்டால்தான் பணமும் பத்திரமும் தருவாராம். கணக்கையோ நாங்கள் கண்டதேயில்லை.

"பெரியவங்க கேக்கறாங்க, போட்டுடு கண்ணு" என்றார் அம்மா. எனக்குக் கை வரவில்லை.

நம் பக்கத்தில் விடுதலைப் பத்திரம் என்றால் சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பது. இந்தத் தாள் வேறு. பங்கு கிடைக்கும், கேள்வி கேட்கும் உரிமை போய்விடும்.

1882ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. (கோயில், தருமச் சொத்துகளுக்கு இச்சட்டம் பொருந்தாது.) பொறுப்பாளர் தெளிவான கணக்கு வைத்து, பயனாளி கேட்கும்போது விவரம் தர வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. கணக்கைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பயனாளிக்கு உரிமை தருகிறது 57ஆம் பிரிவு. பொறுப்பாளருக்கும் பாதுகாப்பு உண்டு. வேலை முடிந்தபின் கணக்கைச் சரிபார்த்துத் தீர்க்கச் சொல்லவும், பாக்கி ஏதுமில்லையெனில் அதை எழுத்தில் பெறவும் 35ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. ஆக, முதலில் கணக்கு, பிறகே கையெழுத்து. பொறுப்பாளரின் தவறுக்குப் பயனாளி உடன்பட்டார் என்று சொல்வதானாலும், முழு உண்மையும் தம் உரிமையும் அறிந்து, வற்புறுத்தலின்றி உடன்பட்டிருக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு.

ஞாயிறன்று பேருந்தேறித் திண்டிவனம் போனோம். "உங்கள்மேல் சந்தேகமில்லை பெரியப்பா. பார்க்காததைப் பார்த்ததாக எப்படி எழுதுவது?" என்றேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "நாளைக்கு அக்காளுக்கு வரும் மாப்பிள்ளை கேட்டால், என் கையில் என்ன இருக்கிறது?" என்றார். அவருக்கும் ஓர் அச்சம் இருந்தது அப்போதுதான் புரிந்தது.

பழைய நோட்டை எடுத்து வந்தார். 2024ஆம் ஆண்டுக் குத்தகை வரவு காலியாக இருந்தது. ஃபெஞ்சல் புயலில் பயிர் மூழ்கியதால் குத்தகைக்காரரிடம் வாங்கவில்லை என்றார். அவர் சொந்தப் பணத்தில் மோட்டார் பழுது பார்த்த செலவோ எழுதப்படவேயில்லை. அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னோம். வரவு, செலவு, மீதி மூன்றையும் தாளில் எழுதி, பணத்தையும் பத்திரத்தையும் பெற்றபின் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம்.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டுக்கு வரும் தாளைப் படித்துச் சொல்ல நம்மை விட்டால் ஆளில்லை. கணக்குக் கேட்பது அவமரியாதை அன்று; உறவு கெடாமல் காக்கும் வழி அதுவே.