ஆவாரம்பூவில் தேன் இல்லை. வண்டு ஏன் வருகிறது?

இலங்கையின் சீகிரியாவில் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும் மலைத்தேனீக்களுக்கு, சுற்றியுள்ள காட்டிலும் தோட்டங்களிலும் பூக்கும் செடிகளே இரை தருகின்றன. அவற்றுள் மூலிகைகளைப் பொறுத்தவரை, மருந்துக் குணம்தான் தேனீயை இழுக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. துளசி இலையின் கார மணம் இலைதின்னிப் பூச்சிகளைத் தடுக்கும் காவல். தேனீயை அழைப்பவை பூவின் நிறமும் மணமும். மீண்டும் வரவைப்பது உள்ளே கிடைக்கும் கூலி: தேனும் மகரந்தமும். தேனீக்கு நிறம் தெரியும் என்பதைக் விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1914இலேயே சோதனையால் காட்டினார்.

அப்படியானால் தேனே சுரக்காத ஆவாரைக்கு யார் வருவார்கள் என்று கேட்கலாம். இலங்கையின் வறண்ட வலயத்தில் வளரும் இச்செடியின் காய்ந்த பூவைச் சிங்களவர் ‘ரணவரா’ என்று தேநீராக்கிக் குடிக்கிறார்கள். ஆவாரம்பூ வண்டுக்குத் தரும் கூலி மகரந்தம் மட்டுமே. அதுவும் எளிதில் கிடைக்காது: மகரந்தப்பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு. கருநிறத் தச்சன் வண்டு பூவைக் கட்டிப்பிடித்து, பறப்பதற்கான தசைகளை அதிரவைக்கும். ரீங்காரத்தோடு தூள் கொட்டும். தேனீக்கு இந்த வித்தை வராது.

ஆகவே, பூவின் அமைப்பும் கூலியுமே விருந்தாளியைத் தீர்மானிக்கின்றன. மூலிகைத் தோட்டம் போடுவோர் துளசியோடு ஆவாரையையும் நடுங்கள். பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்காதீர்கள்.