கல்விக் கடனும் முதல் ஊதியமும்

மதுரையை அடுத்த அலங்காநல்லூரைச் சல்லிக்கட்டினால் அறியாதார் இலர். அங்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் உண்டு. கருப்பஞ்சாற்றில் சர்க்கரை எவ்வளவு என ஆய்ந்து கூறுவது வேதியியல் கற்றவர் பணி. ஆயினும் அவ்வாலை ஆண்டுக்கணக்கில் அரவையின்றிக் கிடந்தது. ஆதலின் உள்ளூர் வேலையை நம்பிக் கடன் வாங்குதல் அரிது.

மாணவி ஒருத்தி வேதியியல் பட்டப் படிப்பிற்காக வங்கியில் 1,00,000 ரூபாய் பெறுகிறாள் எனக் கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் 3 ஆண்டும், அதன்பின் ஓராண்டும் வங்கி தவணை கேளாது. இதனைச் சலுகையென்று மகிழ்வோர் பலர், வட்டியோ உறங்குவதில்லை. முழுத்தொகையும் முதலிலேயே பெற்றிருப்பின், தனிவட்டி மட்டும் 40,000 ரூபாய் சேரும். 1,40,000 ரூபாயை 5 ஆண்டில் அடைக்க, மாதந்தோறும் ஏறத்தாழ 2,975 ரூபாய் வேண்டும். தொடக்க ஊதியம் 12,000 ரூபாயாயின், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். வெளியூர் வாடகையும் உணவும் எஞ்சியதில் அடங்க வேண்டும். வீட்டிற்கு அனுப்புவது எங்ஙனம்?

வீட்டிலிருந்தே பேருந்தில் மதுரைக்குச் சென்று படித்தால், விடுதிச் செலவு இல்லாமையால் கடன் சிறிதாகும். அவ்வாறன்றி, அந்நான்கு ஆண்டும் பெற்றோர் மாதம் 833 ரூபாய் வட்டியைச் செலுத்திவரின், பிற்காலத் தவணை 2,125 ரூபாய் அளவில் நிற்கும்.