மன அழுத்தம்: உடல் சுமக்கும் பாரம்

2011 டிசம்பர் 30 அன்று காலை ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. சில மணி நேரத்தில் காற்று ஓய்ந்துவிட்டது. ஆனால், பண்ருட்டிப் பகுதியில் வேரோடு சாய்ந்த முந்திரி, பலா மரங்களுக்கு ஈடாக நட்ட கன்றுகள் பலன் தர ஆண்டுகள் பல தேவைப்பட்டன. புயல் ஒரு நாளோடு முடிந்தது, கவலையோ நீண்டது. மன அழுத்தத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடே போதுமானது. சிறிது நேர ஆபத்தைச் சமாளிக்க நம் உடல் நன்கு ஆயத்தமாக உள்ளது. ஆண்டுக்கணக்கில் நீளும் கவலையைத் தாங்க அது அமைக்கப்படவில்லை.

உடலில் நிகழ்வது என்ன?

ஆபத்தை மூளை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. பாம்பைக் கண்டு விலகி ஓடுவதற்கு இவை யாவும் உதவும். ஓடி முடித்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்பும்.

வெள்ளாற்றில் நீர் பெருகும்போது வயலை எண்ணி உறங்காத உழவருக்கும், வெட்டுக்கு ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்கும் கரும்பு விவசாயிக்கும், படுக்கையில் கிடக்கும் தாயைப் பராமரிக்கும் மகளுக்கும் இவ்வாறு திரும்பும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. நாளடைவில் உறக்கம் கெடுகிறது. தலைவலி, வயிற்றெரிச்சல், கழுத்து வலி தோன்றுகின்றன. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அவை கட்டுப்பாட்டை மீறலாம். அறுவை சிகிச்சைப் புண் ஆறவும் தாமதமாகலாம்.

இரண்டு தவறுகள்

‘மனக்கவலைக்கு மருத்துவர் எதற்கு?’ என்று எண்ணுவது முதல் தவறு. ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று உடலின் எச்சரிக்கையைத் தள்ளிவிடுவது இரண்டாவது தவறு. நடு நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், அதைக் கவலை என்றோ வாயு என்றோ தாமே முடிவு செய்யாமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டுகிறோம்.

செய்யத்தக்கவை

நாள்தோறும் 5 நிமிடம் அமைதியாக அமர்ந்து, 4 எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். வாரத்தில் 5 நாள்கள் 30 நிமிடம் நடப்பது நன்று. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கவும். மாலைக்குப் பின் காபி, தேநீரைத் தவிருங்கள். மதுவும் புகையிலையும் சிறிது நேரம் கவலையை மறைக்குமேயன்றிக் குறைப்பதில்லை. மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

நோயாளிக்குத் துணையிருப்போருக்கு ஒரு வார்த்தை: பிறருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கும் நீங்கள், உங்கள் மாத்திரையையும் உணவையும் மறந்துவிடுகிறீர்கள். இரவுத் துணைக்குக் குடும்பத்தார் முறை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

உதவி நாட வேண்டிய நேரம்

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய் அது. ‘நான் இருந்து என்ன பயன்?’ என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சாகக் கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், கடிந்துகொள்ளாமல், பொறுமையோடு கேளுங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கடனையும் மழையையும் மருந்தால் மாற்ற இயலாது என்பதை நாங்கள் அறிவோம். எனினும், அவற்றை எதிர்கொள்ளும் உடலைக் காக்க இயலும். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது சர்க்கரை அளவோடு உங்கள் உறக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கூறுங்கள்.