பதினைந்து வினாடிச் சண்டை

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் வகுப்புத் தோழி ஒருத்தி எனக்கு ஒரு சிறிய வீடியோவை அனுப்பியிருந்தாள். வாவிக் கரையோரத்து வெறும் வளவொன்றில் இரண்டு பையன்கள் அடிபடுகிறார்கள். சுற்றி நிற்கும் எல்லோருடைய கையிலும் தொலைபேசி. ஒருவன் முகத்தில் குத்துகிறான், மற்றவன் மல்லாக்க விழுகிறான், அத்தோடு முடிகிறது. முடிந்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. மொத்தமே பதினைந்து வினாடி. நானும் நாலு தரம் பார்த்தேன். நாலாம் தரத்தில்தான் குத்தியவனின் சேட் கண்ணில் பட்டது. பெருநாளுக்கு வாப்பா என் தம்பிக்கு எடுத்துக் கொடுத்த சேட் அது.

விழுந்த பையன் இரவில் வாந்தி எடுத்ததால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆபத்து ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தான். ஆனாலும் அன்றிரவு இரண்டு வீட்டிலும் ஒருவரும் உறங்கவில்லை. இப்படி ஒரு காரியம் எப்படி என் தம்பியின் கைக்கு வந்தது என்று அதன் பிறகு நான் தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குத்துச்சண்டை நம் நாட்டுக்குப் புதிதல்ல. பாடசாலை மாணவர்களுக்கான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி நீண்ட காலமாக நடந்து வருகிறது. 1867இல் இங்கிலாந்தில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் விழுந்தவன் எழும்பப் பத்து வினாடி என்ற கணக்கையும் கொண்டுவந்தன. இன்றைய போட்டிகளில் எடை பார்ப்பார்கள், வைத்தியர் இருப்பார், நடுவர் நடுவில் நிற்பார். இவை எதுவும் இல்லாமல் வளவிலும் கட்டட அடித்தளத்திலும் நடப்பவைதான் மறைவுச் சண்டைகள். முன்பு அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்குப் போயாக வேண்டும்.

இணையம் வந்ததும் அந்த நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் மயாமி நகரில் வீட்டு வளவுகளில் வெறுங்கையால் சண்டை பிடித்த கிம்போ ஸ்லைஸ் என்பவர் வீடியோக்களால் பேரெடுத்து, 2008இல் பெரிய தொலைக்காட்சியொன்றின் மேடை வரைக்கும் போனார். அதே ஆண்டில் வேர்ஜீனியாவில் 'ஸ்ட்ரீட்பீஃப்ஸ்' தொடங்கியது. துப்பாக்கி தூக்கும் பகையைக் கையுறையோடு தீர்த்துவிடலாம் என்பது அதை நடத்தியவரின் எண்ணம். அந்தக் கால வீடியோக்கள் நீளமானவை. சண்டைக்கு முந்திய பேச்சும் பிந்திய கைகுலுக்கலும் அவற்றில் இருக்கும்.

டிக்டொக்கில் ஆரம்பத்தில் பதினைந்து வினாடிதான் அளவு. பிறகு கூட்டினார்கள், ஆனால் பார்ப்பவரின் பழக்கம் அதற்குள் உருவாகிவிட்டது. ஒருவர் ஒரு வீடியோவைக் கடைசிவரை பார்த்தாரா என்பதை வலுவான அடையாளமாக எடுத்துக்கொள்வதாக 2020இல் அந்த நிறுவனமே விளக்கியிருந்தது. கடைசிவரை பார்க்க வைக்க வேண்டுமானால் சலாமுக்கும் கைகுலுக்கலுக்கும் அங்கே இடமில்லை. விழும் கணம் மட்டும் போதும். நான் நாலு தரம் பார்த்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

இதைவிட வியப்பானது, வீடியோவுக்கேற்றபடி சண்டையே உருமாறியதுதான். மேசையின் இரு பக்கத்திலும் இரண்டு பேர் நின்று மாறி மாறிக் கன்னத்தில் அறையும் போட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2019இல் சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரில் நடந்த ஒன்று உலகமெல்லாம் பரவியது. அதில் தடுக்கக் கூடாது, விலகவும் கூடாது. கால் வைக்கும் நுட்பமும் கிடையாது. ஓர் அறைக்கு ஒரு வீடியோ, அவ்வளவுதான். 2021இல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் இப்படி அறை வாங்கிய ஆர்தர் வால்சாக் மயங்கி விழுந்து, சில வாரங்களில் இறந்துபோனார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நெவாடா மாநிலம் இதற்கு விளையாட்டு என்று அனுமதி கொடுத்தது. முகத்தில் அடிப்பதை நபிகளார் தடுத்ததைக் கேட்டு வளர்ந்த நாமும் இதைச் சிரித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் அனுப்புகிறோம்.

பெற்றோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டால் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கிச் சுழல்கிறது, நரம்பு நார்கள் இழுபடுகின்றன. கையுறை பெரும்பாலும் குத்துபவனின் விரலெலும்பைத்தான் காக்கும். வளவுச் சண்டையில் குத்தை விடப் பயங்கரமானது, நினைவிழந்து விழுகிறவனின் பிடரி கொங்கிரீட்டில் மோதுவது. அவன் எழும்பி நடந்து, நன்றாகக் கதைத்து, சில மணி நேரம் கழித்து மயங்குவதும் உண்டு. உள்ளே இரத்தம் கசிவதுதான் காரணம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், உளறல், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று பிள்ளை சொல்வதைக் கேட்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மணி நேரங்கள் எந்த வீடியோவிலும் வருவதில்லை.

தம்பியின் வீடியோவை எங்கள் மூத்தாப்பாவும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவர் இளமையில் சீனடி, சிலம்படி படித்தவர். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் கலியாண வீடுகளிலும் பெருநாள் நிகழ்ச்சிகளிலும் ஆடப்படுகிற அந்தக் கலையும் ஒரு வகையில் மறைவாகத்தான் வளர்ந்தது. இஷாவுக்குப் பிறகு, கிடுகு வேலி அடைத்த வளவில், பெற்றோமெக்ஸ் வெளிச்சத்தில் அவர் படித்திருக்கிறார். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவனை அண்ணாவியார் விரட்டிவிடுவாராம். முதல் சில மாதங்கள் சலாம் வரிசையும் கால் வைப்பும் மட்டும். பூட்டும் பிடியும் பிறகு. வர்மம் ஒரு சிலருக்குத்தான், கோபக்காரனுக்கு இல்லவே இல்லை. அந்த மறைவு ஒரு பூட்டு மாதிரி. திறப்பு அண்ணாவியாரின் மடியில் இருந்தது.

வீடியோ ஒரு தரம் ஓடி முடிந்தது. மறுபடி தொடங்கியதும் மூத்தாப்பா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நடுவில ஆரு நிண்ட?"

"ஒருத்தரும் இல்ல மூத்தாப்பா. எல்லாரும் வீடியோ எடுத்த."

"அப்ப, விடு எண்டு சொல்ல ஆளில்ல."

நான் வாசித்ததெல்லாம் இந்த ஒரு பேச்சில் வந்து நின்றது போல இருந்தது. கலியாண வீட்டில் கம்பு சுழற்றும்போது சுற்றி நிற்பவர்கள் இருவரின் வாப்பாமாரையும் தெரிந்தவர்கள். கை மிஞ்சினால் ஒரு குரல் வரும். தொலைபேசிக்குள் இருந்து பார்ப்பவருக்கு அந்தக் குரல் கிடையாது. அவருக்கு இருப்பது அடுத்த வீடியோ. பக்கத்தில் நிற்பவனும் வீடியோ எடுப்பவனாக மாறிவிட்டால் அவன் குரலும் போய்விடுகிறது.

வீடியோவால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கலியாண வீட்டுச் சீனடித் துண்டில் தன் பழைய கூட்டாளியை அடையாளம் கண்டு, அதே மூத்தாப்பா அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார். ஆனால் அதிலும் தீப்பந்தச் சுழற்சி இருந்தது, சலாம் வரிசை வெட்டப்பட்டிருந்தது.

இப்போது தம்பி அஸருக்குப் பிறகு மூத்தாப்பாவின் வளவுக்குப் போகிறான். இரண்டு மாதமாகியும் சலாம் வரிசையைத் தாண்டவில்லை என்று உம்மாவிடம் முறைப்பாடு வேறு. போன கிழமை தென்னை மரத்தில் தொலைபேசியைச் சாத்தி வைத்து வீடியோ எடுக்கப் பார்த்தான். மூத்தாப்பா தடுக்கவில்லை. "எடுத்தா முழுசா எடு, சலாத்த வெட்டாத" என்றார். நாலு நிமிடம் வந்தது. அப்படியே போட்டான். நேற்றுப் பார்க்கும்போது ஏழு பேர் பார்த்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் நானும் உம்மாவும்.