முகமறியாத் தூதும் முறிந்த கண்ணியும்

மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நிலவியது. அப்போது ஜொகூர்க் காடுகளில் மறைந்திருந்த கம்யூனிஸ்ட் படையினர் செய்திப் போக்குவரத்துக்குத் தூதுவரையே நம்பியிருந்தனர். சிறு தாளில் நுணுக்கி எழுதிய கடிதத்தை ஒருவர் மறைவிடத்தில் வைத்துச் செல்வார். மற்றொருவர் பின்னர் எடுத்துச் செல்வார். இருவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் பிடிபட்டாலும் வெளியாவது ஒரு கண்ணியே. சங்கிலி முழுதும் அன்று.

இம்மறைவுக்கு அவர்கள் கொடுத்த விலை தாமதமாகும். 1951 அக்டோபரில் தலைமை வகுத்த ஆணைகள் சில பிரிவுகளை அடையப் பல மாதங்கள் ஆயின.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கடிதம் மூன்று கைகள் மாறவேண்டும். ஒவ்வொரு கையும் பத்துக்கு ஒன்பது முறை தவறாது எனக் கொள்வோம். 100 கடிதங்களில் 73 மட்டுமே போய்ச் சேரும். படியொன்றை வேறு வழியிலும் அனுப்பினால் ஏறத்தாழ 93 சேரும். ஆயின், கடிதத்தைத் தொடும் கைகள் ஆறாகிவிடும். அவற்றுள் ஒன்று பகைவனுடையதாக இருக்கும் வாய்ப்பும் பெருகும்.

அறுந்த கண்ணியைவிட, அறாததுபோல் தோன்றும் கண்ணியே கொடியது. தென்மலாயாப் பகுதியின் தலைவர் ஹோர் லுங் 1958 ஏப்ரலில் சிகாமட்டில் சரணடைந்தார். அரசாங்கம் அதைப் பல மாதங்கள் வெளியிடவில்லை. அவரே மீண்டும் காட்டுக்குள் சென்று தம் பிரிவினரை அழைத்தார். 150-க்கும் மேற்பட்டோர் வெளிவந்தனர். மேலிடத்துச் செய்தியெல்லாம் அவர் வழியே வந்து பழகியவர்களுக்கு அவர் நிலையை அறிய வேறு வழி ஏது?

இன்றைய கணிப்பொறி உலகிலும் இச்சிக்கலே காணப்படுகிறது. அனுப்புவோரை மறைக்கும் இடைநிலையங்களின் வரிசையை டேவிட் சாம் 1981-இல் விளக்கினார். இன்றுள்ள ‘டோர்’ வலையில் செய்தி பெரும்பாலும் மூன்று நிலையங்களைக் கடக்கிறது. முதல் நிலையம் அனுப்புவோரை அறியும். இறுதி நிலையம் செல்லுமிடத்தை அறியும். இரண்டும் ஒருவர் கையில் இருந்தால் மறைவு குலையும்.

2007-இல் வெளியான ஓர் ஆய்வு இதில் ஒரு சூழ்ச்சியைச் சுட்டிக்காட்டியது. பகைவனின் நிலையங்கள் தம்மால் உளவறிய இயலாத இணைப்புகளை வேண்டுமென்றே அறுத்துவிடலாம். பயனாளர் பழுதென்றெண்ணி மீண்டும் மீண்டும் முயல்வார். இறுதியில் நிலைத்து நிற்பது பகைவன் உளவறியும் வழியே!

இவ்வபாயத்தைக் குறைக்க, ‘டோர்’ முதல் நிலையத்தை அடிக்கடி மாற்றாமல் பல வாரங்கள் ஒன்றையே பற்றி நிற்கிறது. மறைவான வலையில் ஒரு வழி அடைபட்டால், உடனே வேறு வழி தேடுவதற்கு முன், அது ஏன் அடைபட்டது என்று ஆராய்வதே அறிவுடைமையாகும்.